வாரத்தில் ஐந்து நாள் வேலைக்கு, மாதத்தில் ஒரு நாள் மரைக்கு

ஒரு திங்கட்கிழமை காலை. பள்ளிக்கூட வாசலில் கார் வரிசையில் நிற்கிறேன். பின்சீட்டிலிருந்து மகள் ஒரு அலறல் போட்டாள். "அப்பா, என்ர சொக்ஸில ஏதோ நெளியுது!" திரும்பிப் பார்த்தால் அட்டை. சனிக்கிழமை வேட்டைக்குப் போன இடத்தில், லிகோலா என்ற மலையூர்ப் பக்கத்து ஓடைப் பள்ளத்தில் என் சப்பாத்தில் ஏறி, இரண்டு நாள் கார்த் தரைவிரிப்பில் பட்டினி கிடந்து, கடைசியில் எட்டு வயதுப் பிள்ளையின் காலைக் கண்டுபிடித்திருக்கிறது. அன்று பின்னேரம் வீட்டில் நடந்த விசாரணையை இங்கே எழுத முடியாது. ஆனால் ஒரே வாகனத்தை வேட்டைக்கும் வீட்டுக்கும் வைத்திருப்பவனுடைய பிரச்சினை முழுவதும் அந்த அட்டைக்குள் அடக்கம்.

மெல்பேணில் என்னைத் தெரிந்த ஆட்கள், கோயிலில் கண்டாலும் கலியாண வீட்டில் கண்டாலும், இரண்டு விதமான கேள்வி கேட்பார்கள். ஒன்று, "உண்மையாகவே மரை சுடுகிறனீரோ?" மற்றது, கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "எண்ணெய் குடிக்காத ஃபோர் வீல் ட்ரைவ் எது எடுக்கலாம்?" இரண்டாவது கேள்விக்கு நின்ற நிலையில் பதில் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வியைக் கெதியாக முடித்துவிடுகிறேன். நாங்கள் மரை என்பதைத் தமிழ்நாட்டில் கடமான் என்பார்கள், மிளா என்பார்கள். 1860களில் வெள்ளைக்காரர் அதை இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து விக்டோரியாக் காட்டில் விட்டார்கள். எங்களுக்கு நூற்றுச் சொச்சம் வருடம் முன்பே விசா இல்லாமல் வந்து குடியேறிய சனம் அது. இங்கத்தைய குளிரும் செங்குத்துச் சரிவும் அதற்கு நன்றாகப் பிடித்துப்போய், இன்று கிழக்கு மலைக்காடு முழுவதும் பரவி நிற்கிறது. ஊரில், இலங்கையில், அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. இங்கே துவக்கு லைசென்ஸும் வேட்டை லைசென்ஸும் இருந்தால், அனுமதிக்கப்பட்ட அரச காடுகளில் வருடம் முழுவதும் நடந்துபோய் வேட்டையாடலாம். .270 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கூடாது. இரவில் கூடாது: சூரியன் மறைந்து அரை மணித்தியாலம் கழிந்தால் வேட்டை முடிந்தது. முத்தையன்கட்டுப் பக்கம் அப்பா சைக்கிளில் போய்ச் சட்டத்துக்கு ஒளித்துச் செய்த வேலையை, நான் பிளாஸ்டிக் அட்டை இரண்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு செய்கிறேன்.

"நடந்துபோய்" என்ற சொல்லைக் கவனியுங்கள். வாகனக் கேள்விக்குப் பாதி விடை அதிலேதான் இருக்கிறது. எனக்கு அது விளங்க நான்கு வருடமும் ஒரு யூட்டும் (பின்னால் திறந்த பெட்டி உள்ள பிக்கப் வண்டி) செலவாயின.

முதலில் நான் எடுத்தது ஒரு பாவித்த டீசல் டபிள் கேப் யூட். எந்தக் கம்பனி என்பது வேண்டாம். உயரமான சஸ்பென்ஷன், முன்னால் இரும்புக் கம்பி, கூரையில் வெளிச்சக் கம்பி, பார்க்க ஒரு கெத்து. என் வீடு நோபிள் பார்க், வேலை டண்டினோங் சவுத்தில். போக ஒன்பது பத்துக் கிலோமீற்றர், அதில் பாதி நேரம் சிவப்பு விளக்கில். டீசலுக்கு இதைவிடப் பொல்லாத வாழ்க்கை இல்லை என்று அப்போது தெரியாது. இப்போதைய டீசல் வாகனங்களில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. புகையிலுள்ள கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது 600 பாகை அளவு சூடாக்கி அதை எரித்துச் சாம்பலாக்கிவிடும். அந்தச் சூடு ஏற, வேக வீதியில் நிற்காமல் இருபது இருபத்தைந்து நிமிடமாவது ஓட வேண்டும். என் எஞ்சின் சூடாகி முடிகிற நேரத்தில் நான் வேலைத்தலத்து வாசலில் நிற்பேன். எரிப்புப் பாதியில் நிற்கும், மறுநாள் மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு முறையும் அதற்கென்று கூடுதலாகப் பீச்சிய டீசலில் கொஞ்சம் கசிந்து எஞ்சின் எண்ணெயில் கலக்கும்.

மஞ்சள் விளக்கு எரிந்தது. கராஜ்காரர் கணினியைச் சொருகிக் கட்டாயமாக எரித்துவிட்டுக் காசு வாங்கினார். மூன்று மாதத்தில் திரும்ப. மூன்றாவது முறை வடிகட்டியையே மாற்றவேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். அந்தக் காசுக்கு ஊரில் ஒரு நல்ல பசுவும் கன்றும் வாங்கலாம். மாற்றி, விற்றுவிட்டேன்.

ஆகவே முதலில் கேட்கவேண்டியது எந்த வாகனம் என்பது கூட இல்லை. உங்கள் வேலைப் பயணம் எப்படிப்பட்டது? பாக்கன்ஹாமிலிருந்து நகரத்துக்கு வேக வீதியில் ஐம்பது கிலோமீற்றர் ஓடுபவருக்கு டீசல் நல்ல பிள்ளை. என்னைப்போல் விளக்குக்கு விளக்கு நிற்பவருக்கு அது வேண்டாம்.

யூட் போன பிறகு சமையலறை மேசையில் இருந்து கணக்குப் பார்த்தேன். வேலை, பள்ளிக்கூடம், கடை, கரம் டவுன்ஸ் கோயில் எல்லாம் சேர்த்து வருடம் 9,000 கிலோமீற்றர். வேட்டைக்கு வருடத்தில் ஒன்பது தடவை, ஒவ்வொன்றும் போய்வர ஏறத்தாழ 450. அது ஒரு 4,000. மொத்தம் 13,000. அந்த 4,000இல் சரளைப் பாதை எவ்வளவு? தடவைக்கு அறுபது என்றால் 540. அதற்குள் "இந்த இடத்தில் ஃபோர் வீல் இல்லாவிட்டால் ஏறாது" என்று சொல்லக்கூடியது? நெஞ்சில் கைவைத்துச் சொன்னால், வருடத்தில் இருபது கிலோமீற்றர் வருமோ என்னவோ. இருபது கிலோமீற்றருக்காக 13,000 கிலோமீற்றரும் இரண்டு தொன் இரும்பை ஓட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

எண்ணெய்க் கணக்கு இப்படி. யூட் உண்மையில் 100 கிலோமீற்றருக்கு 10.5 லீற்றர் குடித்தது. லீற்றர் 2 டொலர் என்று வைத்தால் வருடம் 2,730 டொலர். இப்போது ஓட்டும் சுபாரு ஃபொரெஸ்டர் 8.7 காட்டுகிறது, 2,260 டொலர் வருகிறது. மச்சானின் டொயோட்டா ராவ்4 ஹைபிரிட் அவருடைய ஓட்டத்தில் 5.6. அதை என் தூரத்துக்குப் போட்டால் 1,460 டொலருக்குள் அடங்கும். கம்பனிக்காரர் காகிதத்தில் ஃபொரெஸ்டருக்கு 7.4, ராவ்4 ஆல் வீல் ஹைபிரிட்டுக்கு 4.8 என்று போட்டிருப்பார்கள். அது ஆய்வுக்கூடத்து உருளைமேல் ஓட்டி எடுத்த எண். எங்கள் காரின் கூரைக் கட்டை, பின்னுக்கு ஏற்றிய பெட்டி, மலை ஏற்றம் எதுவும் அதற்குத் தெரியாது. பல மடங்கு வித்தியாசம் வராது, ஆனால் ஒன்றிரண்டு லீற்றர் கூடத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

சரி, அப்படியானால் ஏன் நான் ராவ்4 எடுக்கவில்லை? சொல்கிறேன்.

ஃபோர் வீல் என்ற சொல்லுக்குள் இரண்டு சாதி இருக்கிறது. ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், சுசுகி ஜிம்னி போன்றவை ஏணிச் சட்டகத்தில் கட்டியவை. லோ ரேஞ்ச் என்ற இரண்டாவது கியர்ப் பெட்டி உண்டு. அதைப் போட்டால் எஞ்சினின் இழுவை இரண்டு மடங்குக்கு மேலாகி, செங்குத்துச் சரிவில் பிரேக்கைத் தொடாமல் ஆமைபோல் இறங்கலாம். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றைக் காய்ந்த தார் வீதியில் நாலு சக்கரத்தில் ஓட்டக்கூடாது. திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடும், நடுவில் அதைச் சமாளிக்க ஒன்றும் இல்லை, அச்சு முறுகும். அதனால் வேலைக்குப் போகிற நாளெல்லாம் அது வெறும் பின்சக்கர வாகனம்தான். பின்பக்கம் பாரமில்லாத யூட் மழையில் வட்டச்சந்தி சுற்றும்போது பின்பாகம் வழுக்குவதை உணர்ந்தவருக்குத் தெரியும் நான் என்ன சொல்கிறேன் என்று. மிட்சுபிசியின் சூப்பர் செலக்ட் முறை இதற்கு விதிவிலக்கு. நடுவில் அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் இருப்பதால் தார் வீதியிலும் நாலு சக்கரத்தில் ஓடலாம். வேக வீதியில் தினம் நீண்ட தூரம் ஓடுபவர் ஒருவர் என்னிடம் கேட்டால், பஜேரோ ஸ்போர்ட் பழசு ஒன்று தேடச் சொல்வேன்.

மற்றச் சாதி, ஃபொரெஸ்டர், ராவ்4 போன்ற ஆல் வீல். லோ ரேஞ்ச் கிடையாது. ஆனால் நாலு சக்கரமும் கேட்காமலே வேலை செய்யும். ஃபொரெஸ்டரில் எஞ்சினிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் தண்டு ஓடுகிறது. ராவ்4 ஹைபிரிட்டில் பின்சக்கரத்துக்குத் தண்டு இல்லை, தனியாக ஒரு சின்ன மின்மோட்டார். நனைந்த புல்லிலும் சரளையிலும் அது போதும். நீண்ட சேற்று ஏற்றத்தில் முன்சக்கரம் முழுதாக விட்டுக்கொடுத்தால், அந்தச் சின்ன மோட்டார் தனியே எவ்வளவுதான் தள்ளும்? அதோடு ஃபொரெஸ்டரின் அடிவயிறு தரையிலிருந்து 220 மில்லிமீற்றர். ஜிம்னியே 210தான். பார்த்தால் குடும்பக் கார், அளந்தால் ஆச்சரியம்.

ஆனால் முடிவைத் தீர்த்தது மோட்டாரும் இல்லை, வயிறும் இல்லை. ஸ்பெயார் டயர். என் ஃபொரெஸ்டரின் பூட் (சாமான் வைக்கும் பின்பகுதி) தரைக்கு அடியில் முழு அளவு டயர் ஒன்று கிடக்கிறது. பல ஹைபிரிட்டுகளில் அந்த இடத்தில் மெல்லிய தற்காலிகச் சக்கரம், அல்லது பசையும் பம்பும். ஹேஃபீல்ட் தாண்டினால் லிகோலா வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் மலை வளைவு. அதற்கப்பால் தம்போரிதாப் பக்கம் ஏறும் சரளைப் பாதையில் பல இடங்களில் போனுக்குச் சிக்னல் இல்லை. அங்கே டயரின் பக்கச் சுவரைக் கல் கிழித்தால் பசையால் என்ன செய்ய? மற்றபடி நகரத்துக்குள்ளேயே ஓடி, எப்போதாவது நகரத்துக்குக் கிட்டவுள்ள பன்யிப் காட்டுப் பக்கம் எட்டிப்பார்ப்பவர் ஹைபிரிட்டையே எடுக்கலாம். நான் தடுக்கமாட்டேன்.

ஜிம்னியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இளம் பெடியள் கோபிப்பார்கள். கையால் கியர் மாற்றும் ஜிம்னிக்குக் காகிதத்தில் 6.4 லீற்றர், லோ ரேஞ்ச் உண்டு, யூட் போகாத இடுக்கிலும் நுழையும். ஆனால் பின்சீட்டு நிமிர்ந்திருந்தால் பூட்டில் 85 லீற்றர் இடம். பாண் பையும் பால் கலனும் வைக்கலாம். பெட்டி வடிவத்தில் 1.5 லீற்றர் எஞ்சினோடு வேக வீதியில் 110இல் இரண்டு மணித்தியாலம் காற்றோடு மல்லுக்கட்டினால் அந்த 6.4 நிற்காது. தனி ஆளுக்குச் சரி. எனக்கு மனைவியும் பிள்ளையும் இருக்கிறார்கள், அவர்களுக்கு மேலே ஒரு மரையும்.

மரை என்றால் சும்மா இல்லை. வளர்ந்த ஆண் 300 கிலோவையும் தொடும். யாரும் அதை முழுதாகத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. பள்ளத்திலேயே தோலுரித்து, எலும்பு நீக்கி, துணிப்பையில் கட்டி, முதுகில் சுமந்து மேலே ஏறவேண்டும். ஒரு நடுத்தரப் பெட்டைக்கே ஐம்பது அறுபது கிலோ இறைச்சி வரும். இரண்டு பேர், இரண்டு நடை. இரண்டாவது நடையில் முழங்கால் கதைக்கத் தொடங்கும். கார் அங்கே எதற்கும் உதவாது, அது மேட்டில் சும்மா நிற்கும். இறைச்சி வந்து சேர்ந்த பிறகுதான் அதன் வேலை. பூட்டில் மீன்காரர் வைத்திருக்கிற மாதிரிக் கெட்டிப் பிளாஸ்டிக் தொட்டி, அதற்குக் கீழே ரப்பர் விரிப்பு. இரத்தம் ஒருமுறை தரைவிரிப்பில் இறங்கினால், வெயில் ஏறிய கார்த் தரிப்பிடத்தில் புதன்கிழமையளவில் ஊருக்கே சொல்லும். யூட் இதில் கெட்டி, பின்னால் ஏற்றிக் குழாயால் கழுவி விடலாம். அதை மட்டும் இன்னும் நினைத்து ஏங்குகிறேன்.

துவக்கு விசயத்தில் நிலைமை தலைகீழ். குண்டு கழற்றி, பூட்டிய உறையில், தோட்டா வேறு பெட்டியில், வெளியே கண்ணுக்குப் படாமல் கொண்டுபோக வேண்டும். மூடிய பூட், மேலே மறைப்புத் துணி, பக்கத்தில் பிள்ளையின் குடை. எண்ணெய் நிலையத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. யூட் என்றால் துவக்கும் ஆட்களோடு உள்ளுக்குள் ஏற வேண்டும், இல்லையென்றால் பின்னுக்குக் கெட்டியான பூட்டுப் பெட்டி கட்ட இன்னொரு செலவு, இன்னொரு நாற்பது ஐம்பது கிலோ.

பாரம்தான் எண்ணெயின் எதிரி என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் வேட்டைக்காரர் வாகனத்தைச் சோடிப்பதில் கலியாணப் பெண்ணின் மாமிமாரைத் தோற்கடிப்பார்கள். இரும்பு முன்கம்பி, கூரைக் கூடாரம், இழுவைக் கப்பி. நான் சேர்த்தது இரண்டே இரண்டு: ஓரளவு கரடுமுரடான ஆல் டெரெய்ன் டயர் நாலு, காற்றடிக்கிற சின்னப் பம்ப் ஒன்று. டயரால் நூறு கிலோமீற்றருக்கு அரை லீற்றர் கூடியது. அதை அழாமல் கொடுக்கிறேன். சரளை தொடங்கும் இடத்தில் காற்றை 27 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் கல்லை அணைத்துக்கொண்டு ஓடும், முதுகும் தப்பும். திரும்பி வந்து தார் வீதியில் ஏற்றாமல் ஓட்டினால் அதுவே எண்ணெயைக் குடிக்கும், டயரும் சூடாகும். அதற்குத்தான் பம்ப்.

இந்த டயர் ஞானம் எப்படி வந்தது என்றும் சொல்லிவிட வேண்டும். ஃபொரெஸ்டர் எடுத்த முதல் வருடம், அதோடு வந்த வீதி டயரிலேயே போனேன். வைகாசி கடைசி, இரவெல்லாம் தூறல். கிளிநொச்சி அண்ணை, எங்கள் குழுவில் மூத்தவர், தன் லாண்ட்குரூசரை வீட்டில் விட்டு என்னோடு வந்திருந்தார். பிரதான பாதையிலிருந்து ஒரு கிளை கீழே இறங்குகிறது. மஞ்சள் களிமண். "தம்பி, காரை இங்க விடு, நடப்பம். ஒரு கிலோமீற்றர்தானே," என்றார் அண்ணை. எனக்குப் புதுக் காரின் ரோசம். இறங்கினேன். முதல் ஐம்பது மீற்றர் பட்டுப்போல். பிறகு ஸ்டியரிங்குக்கும் காருக்கும் உறவு அறுந்தது. டயரின் வெட்டுக்குள் களி நிரம்பி நாலும் வழுவழுவென்று குரும்பை போல் ஆகிவிட்டன. கார் பக்கவாட்டில் ஊர்ந்துபோய் ஒரு மரப்பன்னத்தின் அடியில், முட்டாமல், ஒரு சாண் இடைவெளியில் நின்றது. அண்ணை கண்ணைத் திறந்து, "இனி நடக்கலாமோ?" என்று கேட்டார்.

ஏற்றி எடுக்க ஐந்து மணித்தியாலம். கிளை முறித்துப் போட்டு, தரைவிரிப்பைக் கழற்றிப் போட்டு, மண்வெட்டி இல்லாமல் சாப்பாட்டுக் கோப்பையால் கிண்டி. பிழை காரில் இல்லை, ஓட்டியவனில். லோ ரேஞ்ச் இருந்திருந்தாலும் அந்த டயரில் வழுக்கியிருக்கும். அன்றைக்கு மேலே வந்து சேர்ந்து தேத்தண்ணி குடிக்கும்போது அண்ணை சொன்னது: "வேட்டை காலால. வாகனம் கேற் வரைக்கும்." அவர் கேற் என்றதும் வெறும் பேச்சில்லை. ஆனி மாத நீண்ட வார இறுதி முடிந்ததும் மலைப் பாதைகள் பலவற்றை மழை, பனிக்காக ஐப்பசி கடைசி வரை பூட்டிவிடுவார்கள். ஹைலக்ஸ்காரரும் லாண்ட்குரூசர்காரரும் நானும் அதே பூட்டின் முன்னால்தான் நிறுத்திவிட்டு இறங்குகிறோம்.

குளிர்காலத்தில் டீசல்காரருக்கு இன்னொரு தொல்லை. மெல்பேணில் நிரப்பிய டீசல் மலையுச்சிக் குளிரில் மெழுகாகி, காலையில் எஞ்சின் எழும்பாது. அடிவார ஊர்களில் ஆல்பைன் டீசல் என்று குளிர் தாங்குவதை விற்பார்கள். டாங்கியைப் பாதி வெறுமையாகக் கொண்டுபோய் அங்கே நிரப்புவதுதான் வழமை. பெட்ரோல்காரனுக்கு அந்த அந்தரம் இல்லை.

இப்போது புதிதாக வாங்குபவருக்கு என் பதில் பழசாகிக்கொண்டிருக்கலாம். 2025இல் இங்கே புது வாகன எண்ணெய்த்திறன் விதி வந்ததிலிருந்து கம்பனிகளெல்லாம் ஹைபிரிட் பக்கம் ஓடுகின்றன. ஃபொரெஸ்டரே ஹைபிரிட்டாக வந்து 6.2 என்கிறது. வாங்க முன்பு பூட் விரிப்பைத் தூக்கி டயரைப் பாருங்கள், விற்பனைக்காரர் தானாகத் தூக்கிக் காட்டமாட்டார். பிவைடி ஷார்க் 6 என்று சொருகி மின்னேற்றும் யூட் ஒன்று ஓடித் திரிகிறது. என்னைப்போல் ஒன்பது கிலோமீற்றர் வேலைக்குப் போகிறவர் இரவில் வீட்டில் மின்னேற்றினால் கிழமை நாளில் பெட்ரோலே தொடத் தேவையில்லை. லோ ரேஞ்ச் அதிலும் இல்லை. வியட்நாம்காரச் சிநேகிதன் ஒருவன், வேலைத்தலத்தில் எனக்குப் பக்கத்து மெஷின், அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் வாங்கினால் ஒருநாள் லிகோலாவுக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

போன வெள்ளி இரவு அண்ணை போன் எடுத்தார். விடிய மூன்று மணிக்கு வெளிக்கிடுவது, யார் காரில் என்று கேட்டேன். "உன்ர காரிலதான். என்ர டீசலுக்கு ஆர் காசு தாறது?" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "உந்த அட்டைக்கு உப்பு கொண்டு வாறன், பிள்ளை பாவம்."